லயத்துக்கும் வகுப்பறைக்கும் இடையே

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம். காலை ஏழரை மணியை ஒட்டிய நேரத்தில் இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தவுக்கு மேலேயுள்ள மீரியபெத்தத் தோட்டத்தில் மலை இடிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களின் மேல் இறங்கியது. வீடு, கோயில், மாட்டுப்பட்டி, பாதை எல்லாம் செம்மண் சேற்றுக்குள் போயின. இலங்கையில் பாடசாலை தொடங்குவது ஏழரை மணிக்கு. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிரோடு மிஞ்சினர். அவர்களில் சிலருக்கு அன்று மாலை திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை.

பள்ளிக்கூடம்தான் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று அப்போது பலரும் சொன்னார்கள். ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை. ஆனால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் எதையும் கற்காமல் போய்விடுவோம். அதே மலை மூன்று மணி நேரம் முந்திச் சரிந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் தாயின் பக்கத்தில் படுத்திருப்பார்கள். கேரளத்தின் மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில் 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி நடந்தது அதுதான். அங்கே இரவில் மண் சரிந்தது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் புதைந்து பிள்ளைகளும் பெரியவர்களுமாக 70 பேர் போனார்கள். இதற்கு நேர்மாறாக, வேல்ஸ் நாட்டின் அபர்வான் கிராமத்தில் 1966 ஒக்டோபர் 21 காலை ஒன்பதேகால் மணியளவில், நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த மலை இறங்கியபோது பாடம் தொடங்கியிருந்தது. வீட்டிலிருந்து பத்திரமாகப் பாடசாலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் வகுப்பறைக்குள் புதைந்தார்கள். அன்று இறந்த 144 பேரில் 116 பேர் சிறுவர்கள். மீரியபெத்தவில் பிள்ளைகளைக் காப்பாற்றியது கடிகாரம். கடிகாரத்தை நம்பிப் பிள்ளை வளர்க்க முடியாது.

அதனால் இந்தக் கட்டுரையின் கேள்வி எளிமையானது. ஊவாவின் ஒரு தோட்டத்துப் பிள்ளை நாளின் எந்த மணி நேரத்தில் யாருடைய பொறுப்பில் இருக்கிறது? பொறுப்பு கைமாறும் இடங்களில் பாடசாலையும் பெற்றோரும் ஒருவரோடு ஒருவர் எதைப் பேசி வைத்திருக்கிறார்கள்?

ஒரு சாதாரண நாளைப் பார்ப்போம். விடிவதற்கு முன் தாய் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். காலைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு, நேரத்தோடு போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய கூலியும் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் பிள்ளைக்காம்பராவில் விடலாம். அதற்கு இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பாடசாலைப் பிள்ளை தானாகத்தான் போக வேண்டும், அல்லது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பாதை தேயிலை மலைக்கு நடுவே கானை ஒட்டிப் போகும் ஒற்றையடிப் பாதை. மழைக்காலத்தில் வழுக்கும். வெயில் காலத்தில் மரத்திலும் பாறையிடுக்கிலும் குளவிக்கூடு இருக்கும். கொழுந்தெடுக்கும் பெண்களையும் பாடசாலைப் பிள்ளைகளையும் குளவி கொட்டிய செய்தி மலையகத்தில் ஓய்வதே இல்லை. முதலாம், இரண்டாம் தரங்களுக்குப் பாடசாலை முற்பகலிலேயே முடிந்துவிடும். மலையில் நிற்கும் தாயோ கொழுந்து நிறுத்து முடித்து மாலையில்தான் வருவாள். இடைப்பட்ட நான்கைந்து மணி நேரம் பிள்ளைக்கு யார்? பாட்டி இருந்தால் பாட்டி. தாய் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலைக்குப் போயிருந்தால் இருபத்து நான்கு மணி நேரமும் பாட்டிதான்.

பிள்ளைக்காம்பராவின் வயது தாண்டி, பாடசாலை மணியும் அடித்து முடிந்த பிறகு வருகிற அந்த மணி நேரங்களுக்கு எந்த நிறுவனமும் பொறுப்பில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு நேரும் பல விபத்துகளுக்கும், அதைவிடக் கொடிய துன்புறுத்தல்களுக்கும் அந்த இடைவெளிதான் வாசல் திறந்துவிடுகிறது. துன்புறுத்தல் பற்றி முறையிட 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது, 1929 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. எந்த மணிக்கு எந்தப் பிள்ளை தனியாக இருக்கிறது என்பதை அந்த எண் அறியாது. வகுப்பாசிரியரும் பக்கத்துக் காம்பராப் பெண்ணும் அறிவார்கள்.

மலை பற்றி அவர்கள் அறிந்ததும் அப்படித்தான். மண்சரிவு பல வேளைகளில் முன்னறிகுறி காட்டிவிட்டே வரும். நிலத்தில் கோடு விட்டது போல் வெடிப்பு ஓடும். நேராக நின்ற மரம் சாயும். நன்றாகச் சாத்திய கதவு திடீரென்று நிலையில் இறுகும். பீலியில் தெளிந்து வந்த தண்ணீர் கலங்கும், அல்லது நின்றுபோகும். ஈரமே இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும். இவற்றை முதலில் காண்பவர் அலுவலகத்தில் இருக்கும் அதிகாரியாக இருக்க முடியாது. பீலியில் குடம் வைப்பவளும், கான் வெட்டுக்குப் போகிறவரும், குறுக்குப் பாதையில் பாடசாலைக்கு ஓடும் பிள்ளையும்தான் காண்பார்கள். “டீச்சர், பீலித் தண்ணி மண்ணா வருது” என்று ஒரு பிள்ளை காலையில் சொன்னால், அது அன்றைய தினத்தின் மிக முக்கியமான செய்தியாக இருக்கக்கூடும். அந்தச் சொல்லை வாங்கி எழுதி வைக்க ஒரு கொப்பியும், அதை மேலே அனுப்ப ஒரு வழியும் பாடசாலையில் இருக்க வேண்டும்.

அறிவியல் இதற்கு எண்களைத் தந்திருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வகுத்த அளவுகள் இவை: இருபத்து நான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும், 150 தொட்டாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று செய்திகளில் வருவது இந்தப் படிகளைத்தான். 75 மில்லிமீற்றர் என்பது ஒரு சாண் உயரம்கூட இல்லையே என்று தோன்றலாம். ஒரு ஏக்கர் சரிவில் அது மூன்று இலட்சம் லீற்றர் தண்ணீர். 150 என்றால் ஆறு இலட்சம், அதாவது ஏக்கருக்கு அறுநூறு தொன் எடை. கான்கள் தூர்ந்து கிடந்தால் அந்தத் தண்ணீருக்கு ஓட வழியில்லை. தளர்ந்த மண்ணுக்குள் இறங்கி, பாறைக்கும் மண்ணுக்கும் இடையிலே தங்கி, மண்ணின் பிடியைக் கழற்றிவிடும்.

மழைமானி விலையுயர்ந்த கருவி அல்ல. மில்லிமீற்றர் கோடு போட்ட, பக்கங்கள் நேரான, கண்ணாடி போல் தெரியும் ஒரு குழாய். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் ஒரு கம்பத்தில் நிறுத்தினால் போதும். 75, 100, 150 ஆகிய கோடுகளில் மூன்று நிறம் பூசிவிட்டால் எழுத்தறியாத பாட்டியும் வாசித்துவிடுவாள். ஐந்தாம் தரப் பிள்ளைக்கு அது நீட்டலளவைப் பாடம். தினமும் ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் போய் அளவைப் பார்த்து, கரும்பலகையின் மூலையில் எழுதி, தண்ணீரை ஊற்றிவிட்டு வரலாம். ஒரு பருவம் முடிந்தால் அந்தப் பாடசாலையிடம் தன் மலையின் மழைக்கணக்கு இருக்கும். கொஸ்லந்தவுக்குச் சொல்லும் மழை பக்கத்துப் பூனாகலைக்குப் பொருந்துவதில்லை. இந்தச் செங்குத்துச் சரிவுகளில் மேல் மலையில் கொட்டும் மழை கீழே பாதையோரத்தில் தூறலாகவே இருக்கும்.

ஆனால் பாடசாலையில் மட்டும் மழைமானி வைத்தால் பாதி வேலைதான். இரவில், ஞாயிறில், விடுமுறையில் அங்கே யாரும் இல்லை. 2023 மார்ச்சில் கொஸ்லந்த இருக்கும் அதே ஹல்துமுல்லப் பிரதேச செயலாளர் பிரிவின் பூனாகலை, கபரகலையில் லயன்கள் மேல் மண் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. எனவே இன்னொரு மழைமானி லயத்தில் இருக்க வேண்டும். அதைப் படிப்பவர் பெற்றோரில் ஒருவராக இருக்க வேண்டும், அவரிடம் அதிபரின் தொலைபேசி எண்ணும் அதிபரிடம் அவரது எண்ணும் இருக்க வேண்டும். பகலில் பாடசாலை கண் விழித்திருக்கும், இரவில் லயம் கண் விழித்திருக்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு யார் பேசுவது, என்ன சொல்வது என்பதும் மழைக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தமிழில் அறிவித்தல் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதை 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் கற்பித்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்தப் புயலில் பதுளை மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்ற குற்றச்சாட்டு அப்போது பரவலாக எழுந்தது. சிங்களத்தில் வரும் குறுஞ்செய்தியை வாசித்து நான்கு வரியில் தமிழாக்கி லயத்துக்கு அனுப்ப ஒவ்வொரு பாடசாலையிலும் ஒருவரால் முடியும். அரசு செய்ய வேண்டிய வேலைதான் அது. ஆனால் அரசு திருந்தும்வரை மலை பொறுத்திருக்காது.

அடுத்தது வரவு இடாப்பு. மீரியபெத்தவில் எத்தனை பேர் புதையுண்டார்கள் என்பதை முதல் நாட்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. முந்நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள், நூறு என்றார்கள். கடைசியில் இறந்தோரும் காணாமற்போனோருமாக 37 என்று கணக்கு நின்றது. ஒரு தோட்டத்தில் எத்தனை மனிதர் வாழ்ந்தார்கள் என்று உடனே சொல்லக்கூடிய ஏடு ஒரு நாட்டில் இல்லாமற்போனது சாதாரண விஷயம் அல்ல. பேர் போடும் செக்ரோலில் வேலை செய்பவர் மட்டுமே இருப்பார்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை, அன்றன்று காலை, பெயர் பெயராக, இவர் வந்தார் இவர் வரவில்லை என்று பதியும் ஏடு ஒன்றுதான் உண்டு. ஆசிரியர் கூப்பிட, பிள்ளை எழுந்து குரல் கொடுக்க, பெட்டிக்குள் விழும் அந்தச் சிறு கோட்டை நான் மலையகத்தின் முதன்மையான பாதுகாப்பு ஆவணம் என்றே சொல்வேன். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே ஒரு அழைப்பு போக வேண்டும். மறுநாள் வரும் விடுப்புக் கடிதத்துக்காகக் காத்திருந்தால் பாதையில் விழுந்து கிடக்கும் பிள்ளைக்கும் காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் வேறுபாடு தெரியாது.

அந்த இடாப்போடு சேர்த்து இன்னொரு பக்கமும் தேவை. இந்தப் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம், அவர் இல்லாவிட்டால் யாரிடம், அவரும் இல்லாவிட்டால் எங்கே வைத்திருப்பது? இது எழுதி வைக்கப்படாதபோது என்ன ஆகும் என்பதை ஜப்பானின் இஷினோமாக்கி நகரத்து ஒகாவா ஆரம்பப் பாடசாலை காட்டியது. 2011 மார்ச் 11 பிற்பகல் நிலம் நடுங்கிய பின் ஆசிரியர்கள் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்திவைத்தார்கள். எங்கே போவது என்று முடிவெடுக்க முடியவில்லை. பாடசாலைக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. பெற்றோர் வந்து அழைத்துப்போன பிள்ளைகள் தப்பினர். மற்றவர்கள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் காத்திருந்த பிறகு கடல் வந்தது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் போனார்கள். பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். செண்டாய் உயர் நீதிமன்றம் 2018இல் அளித்த தீர்ப்பின் சாரம், அன்று மைதானத்தில் நின்ற ஆசிரியரின் தடுமாற்றத்தோடு நிற்கவில்லை. அதற்கு முன்பே ஆபத்தை ஆராய்ந்து வெளியேறும் இடத்தைத் தீர்மானித்து வைக்காத பாடசாலையும் நகர நிர்வாகமும்தான் தவறிழைத்தன என்றது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்திலும் அது நிலைத்தது.

அதே நாளில், அதே கடற்கரையில், கமாய்ஷி நகரத்தில் பாடசாலையில் இருந்த பிள்ளைகள் ஏறத்தாழ அனைவரும் தப்பினர். ஆரம்ப, இடைநிலைப் பாடசாலைகளில் அவர்கள் மூவாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். அதன் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது. அந்தப் பயிற்சியில் என்னைக் கவர்ந்தது ஓட்டமோ மேட்டிடமோ அல்ல. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேச வேண்டும் என்று கற்பித்திருந்தார்கள்: நான் கட்டாயம் மேட்டுக்கு ஓடிவிடுவேன், என்னைத் தேடி நீங்கள் வரவேண்டாம், நீங்களும் ஓடிவிடுங்கள் என்று. பிள்ளையைத் தேடி ஓடும் தாயும், தாயைத் தேடி ஓடும் பிள்ளையும் நடுவழியில் மாண்டுபோவது அந்தக் கடற்கரையின் பழைய துயரம்.

இதைக் கொஸ்லந்தவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். மலை சத்தமிடுகிறது என்று கேள்விப்பட்ட பிள்ளை லயத்தை நோக்கித்தான் ஓடும். மலையில் கொழுந்தெடுக்கும் தாய் பாடசாலையை நோக்கி ஓடுவாள். இருவரும் ஓடும் பாதை ஒன்றே. மண் வந்து விழுவதும் அதே பாதையில்தான். சிவப்பு அறிவிப்பு வந்தால் பிள்ளை பாடசாலையிலேயே இருக்கும், அல்லது இன்ன மேட்டுக் கோயிலில் இருக்கும், யாரும் தேடி வரவேண்டியதில்லை என்ற உடன்பாடு முன்கூட்டியே இருந்தால் இருவரும் ஓடமாட்டார்கள். இந்த உடன்பாட்டுக்குப் பணம் வேண்டாம். ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த நம்பிக்கை எளிதில் வராது. பெற்றோர் கூட்டம் என்றால் சந்தாப் பணம் கேட்பதற்கும் பிள்ளையின் குறை சொல்வதற்கும்தான் என்று எண்ணிப் பழகிய தாய், வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைக்கும் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வரமாட்டாள். வந்தால் அன்றைய பேர் போய்விடும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை லயத்து முற்றத்திலோ கோயில் மண்டபத்திலோ நடக்க வேண்டும். ஆசிரியர் மலையேறி வர வேண்டும். அப்படி வந்தவர்களுக்குத்தான் எந்தக் காம்பராவின் பின்சுவரில் வெடிப்பு ஓடியிருக்கிறது என்பது தெரியும்.

பாடசாலைக்கும் ஒரு துன்பம் உண்டு. அனர்த்தம் வந்ததும் அதுவே முகாமாகிவிடுகிறது. 2014இல் கொஸ்லந்தவிலும் பூனாகலையிலும் தமிழ்ப் பாடசாலைகளில்தான் மக்கள் தங்கவைக்கப்பட்டார்கள். வேறு பெரிய கட்டடம் அந்த மக்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. ஆனால் மேசையும் கதிரையும் ஒதுக்கி, வகுப்பறையில் குடும்பங்கள் படுக்கும் நாட்களில், அதிர்ச்சியில் இருக்கும் பிள்ளைக்கு மிக அவசியமான ஒன்று இல்லாமற்போகிறது. மணி அடித்து, பாடம் தொடங்கி, பக்கத்தில் அதே தோழி உட்கார்ந்திருக்கும் வழக்கமான நாள்தான் அது. பின்னர் மக்கள் மாக்கல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டார்கள். 75 தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டது 2016இல். இரண்டு ஆண்டு என்பது பெரியவருக்கு ஒரு காத்திருப்பு. முதலாம் தரத்தில் இருந்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்கும் பருவம் முழுவதும் அதுதான்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு கதவு மூடியே இருக்கிறது. மீரியபெத்த மலை ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று அனர்த்தத்துக்குப் பின் தொலைக்காட்சியில் கேட்டவர்கள் இருந்தார்கள். எங்கே போவது? லயக்காம்பரா தொழிலாளியின் சொந்தமல்ல. நிலம் அரசுடையது, 1992க்குப் பின் நிர்வாகம் கம்பனியுடையது. நூறு ஆண்டுக்கு மேல் அந்த மண்ணில் உழைத்த குடும்பத்துக்கு அதில் ஒரு பேர்ச் நிலம்கூட இல்லை. போ என்று சொன்னவர்கள் போய் நிற்க இடத்தைக் காட்டவில்லை.

அபர்வானில் நடந்ததும் இதற்குத் தூரமில்லை. கழிவு மலையடியிலிருந்து வெள்ளம் வருகிறது என்று அந்தப் பாடசாலைப் பிள்ளைகளின் தாய்மார் இருவர் 1965இல் மனு எழுதித் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தார்கள். அவர் அதை உள்ளூராட்சி மன்றத்துக்குக் கொண்டுபோனார். பெற்றோரும் பாடசாலையும் செய்ய வேண்டியதைச் செய்திருந்தார்கள். மலை தேசிய நிலக்கரிச் சபையின் சொத்து. அது அசையவில்லை. விசாரணை ஆணையம் 1967இல் பழியை அந்தச் சபையின் மேல்தான் வைத்தது. பாடசாலையும் பெற்றோரும் கைகோத்தால் போதும் என்று நல்லெண்ணத்தோடு எழுதுகிறவர்கள் இந்த மூன்றாம் தரப்பை மறந்துவிடுகிறார்கள். மலையின் உடைமைக்காரரைக் கட்டாத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் ஏழைத் தாயின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதோடு நின்றுவிடும்.

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எழுதும் கடிதத்தில் அதிபரின் கையொப்பமும் பெற்றோரின் கையொப்பமும் ஒரே தாளில் இருக்க வேண்டும். மழைக்கணக்கின் பிரதி அதனோடு இணைக்கப்பட வேண்டும். பிரதேச செயலாளருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரே நாளில் அது போக வேண்டும், கிடைத்ததற்கான ஒப்பம் வாங்கப்பட வேண்டும். வாய்ச்சொல்லாகப் போன எச்சரிக்கை காற்றோடு போகும். ஒப்பம் வாங்கிய தாளைப் பிறகு எந்த விசாரணையாலும் மறுக்க முடியாது.

அந்தக் கடிதத்தில் நான் முதலாவதாகச் சேர்க்க விரும்பும் கோரிக்கை கூலி பற்றியது. மீரியபெத்தவில் மண் சரிந்த ஆண்டில் நடைமுறையில் இருந்த 2013 கூட்டு ஒப்பந்தத்தின்படி நாட்சம்பளம் 620 ரூபா. அதில் அடிப்படை 450. விலைக் கொடுப்பனவு 30. மீதி 140 ரூபா வருகைக் கொடுப்பனவு. வேலை கொடுத்த நாட்களில் முக்கால் பங்கு வந்தவர்க்கே அது. அடைமழையில் பிள்ளையைப் பாடசாலை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த தாய், பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேரை இழப்பாள். அப்படி நாட்கள் கூடினால் மாதம் முழுவதுக்குமான வருகைக் கொடுப்பனவையும் இழப்பாள். பின்னர் சம்பளம் கூடியது. பேர் தப்பினால் அன்றைய சோறு தப்பியது என்ற நிலை மாறவில்லை. செம்மஞ்சள், சிவப்பு அறிவிப்பு நடைமுறையில் இருக்கும் நாட்களில் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகும் தாய்க்கோ தகப்பனுக்கோ முழுப்பேர் போட வேண்டும். வருகைக் கணக்கிலும் அந்த நாளைச் சேர்க்க வேண்டும். தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் அடுத்த முறை மேசையில் உட்காரும்போது இதை ஒரு வரியாக ஒப்பந்தத்தில் எழுதலாம். ஆண்டுக்குச் சில நாட்களுக்கான கூலிதான் அதன் செலவு.